டைமிங் செயின் சத்தம்: பைக்கை வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

எஞ்சினின் பக்கவாட்டில் கரகரவென்று சத்தம் வந்தால், கேட்கிற எல்லோரும் முதலில் சொல்வது "டைமிங் செயின் போயிடுச்சு" என்பதுதான். அடியில் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுற்றவைக்கும் சங்கிலி அது. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் அப்படிச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த வண்டிகள் பலவற்றில் செயின் நன்றாகவே இருந்தது. சிலவற்றில் செயினை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனர் நகராமல் சிக்கிக் கிடந்தது, சிலவற்றில் வால்வைத் தள்ளும் டேப்பட் லூஸ். இரண்டு வண்டிகளில் ஆயில் கால் பங்குகூட இல்லை. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இதில் பாதி விஷயம். செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, செயினைக் கடைசியில் தொடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 100 முதல் 160 சிசி வரையிலான, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் பைக்குகளுக்கு. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அந்த எஞ்சினில் கேமைச் சுற்றுவது பல்சக்கரம், வால்வைத் தள்ளுவது புஷ் ராடு. டைமிங் செயினே அதில் கிடையாது. 2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோரில் வந்த புதிய 350 எஞ்சினில் செயின் உண்டு.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

8, 10, 12, 14 அளவுகளில் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், பிளக் ஸ்பேனர், சின்னத் தட்டைத் திருப்புளி ஒன்று, நீளமான திருப்புளி ஒன்று, நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், மெல்லிய கம்பி ஒரு முழம், பனியன் வேஸ்ட், ஆயில் பிடிக்க அகலமான தட்டு. சோதனைக்கும் டென்ஷனர் வேலைக்கும் இவை போதும். செயினையே மாற்றுவதாக இருந்தால் உங்கள் மாடலுக்கான மேக்னட் (கிராங்க் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரம்) புல்லரும் ஹோல்டரும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் கட்டாயம். கருவிகளுக்கு எஸ்.பி. ரோடு, பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினைத் திறந்து வைத்துவிட்டு கேஸ்கெட் தேடி அலையாதீர்கள், பெரும்பாலான கடைகள் அன்று மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்து வையுங்கள். கழற்றப்போகும் கவரின் வடிவத்தை அதில் வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய ஓட்டையில் செருகிவிடுங்கள். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளங்களில் போல்ட் இருக்கும். நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

தரை சமமாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்திருப்பார்கள், சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி அதில் ஆடும். வெட்டவெளியிலும் வேண்டாம். பெங்களூரு சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது, சிலிண்டருக்கு மேலே உள்ள ஹெட்டின் மூடி திறந்திருக்கும்போது நாலு சொட்டு உள்ளே விழுந்தாலும் ஆயில் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

2. ஆயிலைப் பாருங்கள், வேறெதையும் தொடாதீர்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் கீழே இறங்க இன்னும் மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு அளவுக்குச்சியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். அதை மரையில் முறுக்க வேண்டுமா, சும்மா வைத்தால் போதுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள்.

ஆயில் குறைந்தால் ஏன் இந்தச் சத்தம் வருகிறது? செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் சுழல்கிறது. அந்தப் பின்னுக்கும் அதன் உறைக்கும் நடுவில் ஆயில் படலம் இருக்கும்வரை சத்தமும் குறைவு, தேய்மானமும் குறைவு. அந்தப் படலம் போய்விட்டால் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது.

நம் ஊர் டிராஃபிக்கில் இன்னொரு கணக்கு உண்டு. 3000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது 50 மணி நேர ஓட்டம். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி வழியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே 3000 கிலோமீட்டர் 200 மணி நேரம். மீட்டரில் எண் ஒன்றுதான், எஞ்சின் உழைத்தது நாலு மடங்கு. தினமும் சிட்டிக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வருவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் கறுத்தோ குறைந்தோ இருந்தால், கையேடு சொல்லும் தரத்தில் மாற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கார் ஆயில் வேண்டாம். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதன் குறி) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கமும் தவறு. சத்தம் கொஞ்சம் அமுங்கும், தேய்மானம் உள்ளே தொடரும்.

3. சத்தம் எங்கிருந்து வருகிறது

புதிதாகச் செய்பவர்கள் அவசரமாகத் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு தடவை, நன்றாகச் சூடானபின் ஒரு தடவை, நியூட்ரலில் வைத்துக் கேளுங்கள்.

டைமிங் செயின் லூஸாக இருந்தால் வருவது சலசல, கரகர என்று ஒழுங்கில்லாத சத்தம், தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவதுபோல. ஐட்லிங்கில் தெளிவாகக் கேட்கும். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகினால் ஒரு கட்டத்தில் குறையும் அல்லது தன்மை மாறும். திருகி விட்டவுடன் எஞ்சின் வேகம் இறங்கும்போது மறுபடி வரும். செயினின் இழுவை மாறும்போது தளர்ந்த பக்கம் ஆடி, சுவரிலும், அதை நேராக ஓடவைக்கும் பட்டையான கைடிலும் அடிப்பதால்தான் இப்படி.

டேப்பட் சத்தம் வேறு மாதிரி. தையல் மெஷின் ஓடுவதுபோல டிக் டிக் என்று ஒரே சீராக இருக்கும். வேகம் கூடினால் டிக் டிக்கும் வேகமாகும், ஆனால் ஒழுங்கு கெடாது. கேம் சுற்றுவது கிராங்க்கின் பாதி வேகத்தில் என்பதால், எஞ்சின் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சத்தம் நிதானமாகத் தெரியும்.

கிளட்ச் லீவரைப் பிடித்தவுடன் சத்தம் மாறினாலோ நின்றாலோ, அது கிளட்ச் பக்கத்துச் சத்தம். குளிரில் டக் டக் என்று வந்து சூடானதும் குறைந்தால் பிஸ்டனாக இருக்கலாம். வண்டி லோடு இழுக்கும்போது அடியிலிருந்து கனமாக தொம் தொம் என்று வந்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். அப்படியானால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

இப்போது நீளமான திருப்புளியை எடுங்கள். அதன் முனையை சிலிண்டரின் செயின் ஓடும் பக்கத்தில், துடுப்புகளுக்கு (ஃபின்) இடையே உள்ள தட்டையான இடத்தில் அழுத்தி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சைலன்சரிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள். தளர்ந்த சட்டை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது. பிறகு ஹெட் மூடி, அப்புறம் எதிர்ப்பக்கம், அப்புறம் கிளட்ச் கவர். நாலு இடத்திலும் ஒரே சத்தம் கேட்பதுபோலத்தான் முதலில் இருக்கும். இரண்டு மூன்று சுற்று வந்தபின் எங்கே பலமாக இருக்கிறது என்று காது பிரித்துவிடும்.

சைலன்சர் ஹெட்டோடு சேரும் இடத்தையும் பாருங்கள். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் தன் 125 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். "அண்ணா, முழு செட்டும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க, பார்ட்ஸ் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். திருப்புளியை வைத்துக் கேட்டால் செயின் பக்கம் அமைதியாக இருந்தது. சைலன்சர் கழுத்தில் இரண்டு நட்டில் ஒன்று லூஸ், அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கேஸ்கெட் மாற்றி நட்டை இறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது.

4. பிஸ்டனை உச்சியில் நிறுத்துதல்

இனிமேல் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் நல்லது. இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிடுங்கள். பிளக் இல்லாவிட்டால் கம்ப்ரஷன் எதிர்க்காது, எஞ்சினை இருக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக நிறுத்தலாம். பிளக் ஓட்டையைத் துணியால் அடைத்து வையுங்கள்.

இடது பக்கக் கவரில் இரண்டு மூடிகள் இருக்கும். நடுவில் உள்ள பெரியதைத் திறந்தால் மேக்னட் நட் தெரியும், மேலே உள்ள சின்னது மார்க் பார்க்கும் ஜன்னல். நட்டில் சாக்கெட்டை வைத்து, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். திசை தெரியாவிட்டால் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னோக்கி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், மேக்னட் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் திசை.

ஜன்னலில் இரண்டு குறிகள் கடந்து போகும். ஆங்கில 'டி' எழுத்தை ஒட்டிய கோடுதான் பிஸ்டன் உச்சியில் இருப்பதற்கான குறி. 'எஃப்' என்பது பிளக் தீப்பொறி விடும் நேரத்துக்கானது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, எஃப் குறியில் நிறுத்தி முழு வேலையையும் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டி குறி நேராக வந்ததும் டேப்பட் மூடிகளைத் திறந்து, வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால், இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறீர்கள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும், அதனால் டி குறி நேராக வரும் இரண்டு தடவையில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது.

இந்த நிலையில் கேம் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பக்கத்து மூடியைத் திறந்து, அதன் குறியும் ஹெட்டில் உள்ள குறியும் எப்படி நேராக நிற்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை நேராக வைத்து ஒரு படம், சற்றுத் தள்ளி ஒரு படம்.

5. டேப்பட் இடைவெளி

வண்டி இந்த நிலையில் நிற்கும்போதே டேப்பட்டைப் பார்த்துவிட்டால் வேலை மிச்சம். டென்ஷனரைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், செயின் இறுக்கமாக இருக்கும்போதுதான் கேம் தன் இடத்தில் நிற்கும்.

பல வண்டிகளில் அளவு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும், இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் வேறு வேறாகவும் இருக்கலாம். உங்கள் கையேட்டு அளவையே எடுங்கள். ஃபீலர் கேஜ் தகடு மெல்லிய இழுவையோடு போய் வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து கொஞ்சம் திரும்பும், எனவே இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். சத்தம் வருகிறதே என்று இடைவெளியை அளவுக்குக் கீழே குறைத்துவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகும், அதற்கு முன்னால் எந்தச் சத்தமும் வராது.

6. டென்ஷனர்: உண்மை தெரியும் இடம்

செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை டென்ஷனரே சொல்லிவிடும். செயின் நீளம் கூடக் கூட அது வெளியே தள்ளிக்கொண்டே போகும். ஆகவே இரண்டே கேள்விகள்: டென்ஷனர் தடையில்லாமல் நகர்கிறதா? நகர இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா?

முதலில், ஏற்கெனவே திறந்த கேம் ஸ்ப்ராக்கெட் பக்கத்து மூடி வழியாக, டென்ஷனர் இருக்கும் பக்கத்துச் செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் டென்ஷனர் வேலை செய்கிறது. தொளதொளவென்று உள்ளே போனால் ஒன்று டென்ஷனர் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் எல்லை முடிந்துவிட்டது.

வகைகள் மூன்று. சிலிண்டருக்குப் பின்னால் இரண்டு போல்ட்டில் நிற்பதில் ஸ்க்ரூ வகையும் பல் வகையும் உண்டு. ஸ்க்ரூ வகையில் நடுவில் உள்ள சின்ன போல்ட்டைக் கழற்றி, சின்னத் திருப்புளியை உள்ளே விட்டுத் திருப்பினால் முனை உள்ளே போகும், பெரும்பாலும் வலப்பக்கமாக. எத்தனை அரைச்சுற்றில் முழுவதும் உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கழற்றியபின் கையில் வைத்து, முழுதாக வெளியே விட்டு, அதே மாதிரி எண்ணுங்கள். கையில் 12 அரைச்சுற்று, வண்டியில் 11 என்று வந்தால் டென்ஷனர் கடைசி மூச்சில் இருக்கிறது, செயின் தேய்ந்துவிட்டது. வண்டியில் 4 தான் என்றால் செயினுக்கு இன்னும் ஆயுள் உண்டு. அப்படியும் செயின் தொளதொளவென்று இருந்ததென்றால் குற்றம் டென்ஷனருடையது.

பல் வகையில் எண்ண முடியாது, ஸ்பிரிங்கை அடக்கியிருக்கும் நடு போல்ட்டை முதலில் எடுத்துவிட்டு, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். பிறகு முனையை முழுவதும் வெளியே இழுத்து, பல்லில் மாட்டி நிற்கவைத்து, அப்படியே விரலால் மட்டும் மெதுவாக உள்ளே செருகுங்கள். முனை, செயினை அழுத்தும் வளைந்த பட்டையான பிளேடில் இடித்து நிற்கும்போது, டென்ஷனர் உடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறதோ அதுதான் மிச்சமிருக்கும் ஓட்டம். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டால் செயினோ பிளேடோ தேய்ந்துவிட்டது.

மூன்றாவது, 100 சிசி வண்டிகள் சிலவற்றில் இருக்கும் ஸ்பிரிங்கும் தள்ளுகோலும். கீழே உள்ள பெரிய போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் கோலும் ஆயிலோடு வெளியே வரும், தட்டை முதலிலேயே வையுங்கள். கோலின் ரப்பர் முனை கல்லாக இறுகியோ பள்ளம் விழுந்தோ இருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த நேரத்தில் ஒரே ஒரு விதி. டென்ஷனர் வெளியே இருக்கும்போது எஞ்சினைத் திருப்பவே கூடாது, கிக்கரில் கால் படக் கூடாது. தளர்ந்த செயின் ஒரு பல் தாண்டினால் டைமிங் போச்சு. 32 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கேமில் 11.25 டிகிரி, கிராங்க் கணக்கில் 22.5 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், இழுக்காது. இன்னும் கூடுதலாகத் தப்பினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, முனையை உள்ளே அடக்காமல் வைத்து இரண்டு போல்ட்டையும் முறுக்குவது. போல்ட் இழுக்க இழுக்க டென்ஷனரின் அலுமினியக் காது ஒரு பக்கம் உடைந்துவிடும். உடையாவிட்டால் செயின் அளவுக்கு மீறி இறுகி, சீய்ங் என்று விசில் மாதிரி சத்தம் வரும். அதனால் முனையை அடக்கி, புதிய கேஸ்கெட் அல்லது ஓ ரிங் போட்டு, இரண்டு போல்ட்டையும் சமமாக இறுக்கி, அதன்பிறகே முனையை விடுங்கள். ஸ்க்ரூ வகையில் திருப்புளியை எடுத்ததும் சடக்கென்று முனை பிளேடில் போய் நிற்பது கையில் தெரியும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் மட்டும்.

டென்ஷனரில் மட்டும்தான் குறை என்றால் இதோடு வேலை முடிந்தது. அடுத்து 9-ஆம் படிக்குப் போகலாம்.

7. செயின்தான் என்று தெரிந்தபின் வாங்க வேண்டியவை

செயின் நீள்வது என்று சொன்னாலும் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை, பின்னும் உறையும் தேய்கின்றன. 90 கண்ணியுள்ள செயினில் கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தம் 1.8 மில்லிமீட்டர். அப்படி நீண்ட செயின் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். தேய்ந்த பல்லில் புதிய செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே சத்தம் போடும். செயின், கேம் ஸ்ப்ராக்கெட், டென்ஷனர் பிளேடு, கைடு, கவர் கேஸ்கெட் இவற்றைச் சேர்த்தே வாங்குங்கள். கிராங்க்கில் உள்ள சின்ன ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகியிருந்தால் அதை வெளியில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஜே.சி. ரோட்டுக் கடையில் முதல் கேள்வியே "ஒரிஜினலா, லோக்கலா?" என்பதுதான். கண்ணாடி மூடி, லீவர் எல்லாம் லோக்கலில் வாங்கலாம். டைமிங் செயினை அப்படி வாங்காதீர்கள். வண்டியின் மாடல், வருடம், எஞ்சின் எண் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்கும் பிஎஸ்6 புகை விதி வந்தபின் பார்ட்ஸ் மாறியிருக்கலாம். வாங்கியதும் பழைய ஸ்ப்ராக்கெட்டோடு வைத்துப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

கைடு என்ற நிலையான பட்டை பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றினால்தான் வெளியே வரும். டார்ச் அடித்துப் பார்த்து அதில் ஆழமான பள்ளமோ வெடிப்போ தெரிந்தால், அல்லது செயின் ஓடும் சுரங்கச் சுவரில் செயின் அரைத்த புதுப் பளபளப்பு தெரிந்தால், வேலை ஹெட் வரை போகிறது. முன்பு ஹெட் இறக்கிய அனுபவம் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை நம்பகமான மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஆயிலில் உலோகத் துண்டுகள் வந்திருந்தாலும் அப்படித்தான்.

8. செயினை மாற்றுதல்

மேக்னட் ஆயிலுக்குள் சுற்றும் வண்டி என்றால் ஆயிலை முதலில் இறக்குங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது போய்ச் சேர்வது நம் ஏரிகளில்தான். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இடது கவரைக் கழற்றும்போது மேக்னட் அதைப் பிடித்து இழுக்கும். விரல் நடுவில் மாட்டாமல் நேராக இழுங்கள். மேக்னட்டைப் பிடிக்க ஹோல்டர் போட்டு நட்டைக் கழற்றி, புல்லரை மரையில் முழு ஆழத்துக்கு ஏற்றி, அதன் நடு போல்ட்டை இறுக்குங்கள். நாலு சுற்றோடு பாதி மரையில் நிற்கும் புல்லர் மேக்னட்டின் மரையைத் தின்றுவிடும். சுத்தியலால் மேக்னட்டை அடிக்க வேண்டாம், உள்ளே ஒட்டிய காந்தம் விரிசல் விடும். கழன்றதும் கிராங்க்கில் உட்கார்ந்து மேக்னட்டை அதன் இடத்தில் நிறுத்தும் அரைவட்டச் சாவியை உடனே எடுத்து பத்திரப்படுத்துங்கள்.

இனி மேலே. கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தொடும் முன், சுரங்க வாயைச் சுற்றி பனியன் வேஸ்ட்டைத் திணியுங்கள். நண்பர் ஒருவர் வண்டியில் நாங்கள் இதைச் செய்யாமல் விட்டோம். ஸ்ப்ராக்கெட் போல்ட் கையிலிருந்து நழுவி, டிங் டிங் என்று இரண்டு தடவை இடித்து உள்ளே போய்விட்டது. காந்தக் குச்சியால் அதை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

டென்ஷனரை எடுத்து, ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, பழைய செயினைக் கீழ்வழியே இறக்குங்கள். புதியதைப் பழையதன் பக்கத்தில் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று அடியில் தெரியும். பிளேடை மாற்றுங்கள். புதிய செயினை ஆயிலில் நனைத்து, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி, மேல் நுனியைக் கம்பியால் கட்டி மேலே இழுத்து வையுங்கள்.

அரைவட்டச் சாவி, மேக்னட், நட் என்ற வரிசையில் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் மேக்னட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், சின்ன வாஷர், இரும்புத்தூள் எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டைக் கையேட்டு அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். செயினைக் கையால் மேலே இழுத்துப் பிடித்தபடி டி குறியை மறுபடி நேராக்குங்கள். கவரில்தான் குறிக்கோடு இருக்கிறது என்றால் கவரை இரண்டு போல்ட்டில் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட்டை மாட்டுவதில்தான் பலர் ஒரு பல் தவறுகிறார்கள். காரணம் இதுதான்: தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்தில் இருக்க வேண்டும். கைடு பக்கத்தில் கொஞ்சம் தொய்வு இருந்தபடியே குறியை நேராக்கினால், டென்ஷனரை விட்டதும் அந்தத் தொய்வு இழுபட்டு கேம் திரும்பிவிடும். எனவே கைடு பக்கத்தை முதலில் விறைப்பாக இழுத்து, அந்த நிலையில் குறி நேராக வரும் பல்லில் செயினை உட்காரவையுங்கள். பிறகு டென்ஷனர் பக்கத்தை விரலால் அழுத்தி, குறி நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால் ஸ்ப்ராக்கெட் போல்ட்டையும் டென்ஷனரையும் மாட்டலாம்.

9. மூடுவதற்கு முன் கையால் சுற்றுங்கள்

கம்பி, துணி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். பிளக் இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். மேக்னட் நட்டில் ஸ்பேனர் வைத்து எஞ்சினை இரண்டு முழுச் சுற்று, ஓடும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது கடினமாக இடித்தால் உடனே நிறுத்துங்கள். பலம் போட்டுத் தாண்டவைக்காதீர்கள், இடிப்பது வால்வாக இருக்கலாம். இரண்டு சுற்று முடிந்ததும் டி குறியும் கேம் குறியும் மறுபடி நேராக வர வேண்டும். முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு இன்னொரு இரண்டு சுற்று. டேப்பட்டையும் திரும்ப அளந்துவிடுங்கள்.

கேம் மேலேயும் செயின் மேலேயும் கொஞ்சம் புது ஆயில் ஊற்றுங்கள். பம்ப் ஆயிலை மேலே கொண்டுவரச் சில வினாடி ஆகும், அதுவரை காய்ந்து ஓடக் கூடாது. கேஸ்கெட் போடும் இடங்களில் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) அப்ப வேண்டாம். பழைய கேஸ்கெட்டை நன்றாகச் சுரண்டித் துடைத்தால் புதிய பேப்பர் கேஸ்கெட் தானே அடைக்கும். பிதுங்கி உள்ளே உதிரும் அனபாண்ட் துணுக்கு ஆயில் துளையை அடைத்தால், இன்று மாற்றிய செயினுக்கே ஆயில் போகாது.

10. ஸ்டார்ட் செய்தபின்

ஆயிலை இறக்கியிருந்தால் புதியதை ஊற்றி அளவைப் பாருங்கள், பேட்டரி ஒயரை மாட்டுங்கள். பிளக்கை மாட்டாமலே கிக்கரை ஏழெட்டுத் தடவை மெதுவாக மிதியுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட். ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டாம், இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். முதல் சில வினாடி லேசான சலசலப்பு வந்து நின்றால் அது சரி. சீய்ங் என்று விசில் தொடர்ந்தால் டென்ஷனர் அதிகமாக இறுகியிருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாமல் சைலன்சரில் வெடித்தால் திரும்பத் திரும்ப மிதிக்காமல் 4-ஆம் படிக்குப் போய்க் குறியைச் சரிபாருங்கள்.

முதல் நாள் பக்கத்தில் மட்டும் ஓட்டுங்கள். அல்சூர் ஏரியை இரண்டு சுற்று சுற்றி வந்து, டென்ஷனர் அடியிலும் கவர் விளிம்பிலும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம், கசிவு இருந்தால் துணியில் தெரிந்துவிடும். செயின் மாற்றியிருந்தால் 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றி, வலை வடிகட்டியைக் கழுவுங்கள். புது செயினும் புது பிளேடும் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் அதில் நிற்கும். அதே நாளில் டேப்பட்டை மறுபடி அளந்து, தேதி, மீட்டர் எண், டென்ஷனரில் எண்ணிய அரைச்சுற்று மூன்றையும் ஒரு டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை சத்தம் கேட்டால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்த டேப்பைத்தான்.